அத்தையின் மாத்திரையும் ஆய்வுக்கூடக் குப்பியும்

பிரேசர் டவுனில் கோல்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் என் அத்தை வீடு இருக்கிறது. ஆறு படி ஏறினால்தான் வாசற்கதவு. முழங்கால் வலிக்காரர்கள் அந்தப் படிகளைத் திட்டாமல் ஏறியதில்லை. மாமாவின் தகப்பனார் குடியாத்தத்திலிருந்து கண்டோன்மென்ட் பக்கம் பிழைக்க வந்து, வருடக்கணக்கில் வாடகைக்கு இருந்து, பிறகு மாமா காலத்தில் சொந்தமாக்கிக்கொண்ட பழைய வீடு.

2020 ஏப்ரலில் ஒரு நாள் காலை அத்தையிடமிருந்து போன் வந்தது. ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஏம்ப்பா, நான் சாப்பிடற பிரஷர் மாத்திரை பேரு என்ன?"

"ராமிப்ரில் அத்தை. தீர்ந்து போச்சா? வாங்கி அனுப்பட்டுமா?"

"தீரல. ஆறு நாளா நான் சாப்பிடவே இல்ல. அந்த மாத்திரைதான் கொரோனாவுக்குக் கதவைத் தெறந்து விடுதாம். வாட்ஸப்புல வந்துச்சு. பெரிய பெரிய டாக்டருங்களே சொல்றாங்களாம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் உண்டு. என் மாமா "நல்லாத்தானே இருக்கேன்" என்று இதே போன்ற மாத்திரையைத் தானாகவே நிறுத்தி, நான்கு மாதத்தில் பக்கவாதம் கண்டு படுத்தவர். எழுந்திருக்கவில்லை. அத்தைக்கு அப்போது வயது 71. நானோ ஜீவன்பீமா நகரில் அடைந்து கிடக்கிறேன், போய்ப் பார்க்கவும் வழியில்லை. அடுத்த வீட்டு பாயிடம் போனில் சொன்னேன். அவர் மகன் தங்கள் வீட்டு பி.பி. கருவியைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனான். அத்தை தானே பட்டையைக் கட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு: 178/104.

வாசக அன்பர்களே, அந்த வாட்ஸப் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அதில் ஒரு துளி விஞ்ஞானம் இருந்தது. அந்தத் துளிதான் ஆபத்து. அதைப் பிரித்துக் காட்டுவதற்கு, ஆய்வுக்கூடங்களில் சின்னஞ்சிறு குப்பிகளில் வைத்திருக்கும் ஒரு மனித நொதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கு ரசாயனச் சரக்கு தருவித்துக் கொடுக்கும் வேலையில் இருபது ஆண்டு இருந்தவன் என்பதால், அந்தக் குப்பிகளோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

அதற்கு முன் அந்த ஆறு படிகளின் கதை. 1898-இல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பம்பாயில் 1896-இல் தொடங்கிய நோய், இரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கியது. கண்டோன்மென்டின் நெரிசலான குடியிருப்புகளில் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு, 1900-களின் முதல் பத்தாண்டில், புதிதாக அமைத்த பேட்டைதான் பிரேசர் டவுன். மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். இப்போது அரசாங்கப் பெயர் புலிகேசி நகர் என்றாலும் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்பவர் குறைவு. அந்நாளைய நகராட்சிப் பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ், பெங்களூரில் பிளேக் அண்டாத நகரமைப்பு எப்படி என்று 1914-இல் ஒரு புத்தகமே எழுதினார். எலி நுழையவும் குடித்தனம் செய்யவும் இடம் தராத வீடு, தாராளமான காற்று வெளிச்சம், இவைதான் சாரம். அத்தை வீட்டில் சுவரின் உச்சியில் கம்பி வலை போட்ட சின்ன ஜன்னல்கள் உண்டு. அவற்றை நாங்கள் வென்டிலேட்டர் என்போம். 2020-இல் அந்தச் சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்து எல்லோர் வயிற்றையும் கலக்கியது.

ஸ்டீபன்ஸ் வீட்டின் கதவுகளையும் ஓட்டைகளையும் பார்த்தார். நூறு ஆண்டு கழித்து வந்த கிருமிக்கு வீட்டுக் கதவு ஒரு பொருட்டல்ல. அது தேடியது நம் உடம்பின் செல்லில் உள்ள ஒரு கதவை. அந்தக் கதவின் பெயர் ஏஸ்-2.

ஏஸ்-2 கிருமிக்காகப் பிறந்ததல்ல, நமக்காக உழைக்கும் ஒரு நொதி. நொதி என்றால் என்சைம். உடம்புக்குள் ஒன்றை வெட்டுவது, ஒட்டுவது, மாற்றுவது எல்லாம் நொதிகளின் வேலை. நம் இரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஏற்பாட்டில் இரண்டு கத்தரிக்கோல்கள் இருக்கின்றன. முதல் கத்தரிக்கோல் ஏஸ். பத்து மணி கோத்த ஒரு சரம் போன்ற புரதத் துணுக்கிலிருந்து இரண்டு மணிகளை வெட்டி, எட்டு மணிச் சரமாக்கும். இந்த எட்டு மணிச் சரத்துக்கு ஆஞ்சியோடென்சின்-2 என்று பெயர். இது இரத்தக் குழாய்களை இறுக்கும், அழுத்தம் ஏறும். இரண்டாம் கத்தரிக்கோல் ஏஸ்-2. அந்த எட்டில் இன்னும் ஒரு மணியை வெட்டி ஏழாக்கும். ஏழு மணிச் சரம் குழாய்களைத் தளர்த்தும். அண்ணன் ஏற்றிவிட, தம்பி இறக்கிவிட, வீடு ஒருவாறு நடக்கிறது.

அத்தையின் ராமிப்ரில், இன்னும் எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் அண்ணன் கத்தரிக்கோலின் வாயை அடைப்பவை. இந்தக் குடும்பத்தின் மூத்தது கேப்டோப்ரில். பிரேசில் நாட்டு ஜரராகா என்ற விரியன் பாம்பின் விஷத்தை 1960-களில் ஆராய்ந்த செர்ஜியோ பெரெய்ரா என்ற விஞ்ஞானி கண்ட பொருள்தான் அதற்கு வழி காட்டியது. 1981-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. டெல்மிசார்டன், லோசார்டன் என்று 'சார்டன்' என முடிபவை கொஞ்சம் வேறு வகை. கத்தரிக்கோலை விட்டுவிட்டு, எட்டு மணிச் சரம் போய் உட்காரும் இடத்தை அவை அடைக்கும். உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும்.

இனி அந்தத் துளி விஞ்ஞானம். 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது, அந்தக் கிருமி மனித செல்லில் பற்றிக்கொள்ளும் பிடி ஏஸ்-2 தான் என்று பாஸ்டனில் மைக்கேல் பார்சான் குழுவினர் கண்டார்கள். 2020 தொடக்கத்தில் புதிய கிருமியும் அதே பிடியைத்தான் பிடிக்கிறது என்று தெரிந்தது. 2020 மார்ச் 11 அன்று 'லான்செட்' குழும மருத்துவ ஏடு ஒன்றில் ஒரு கடிதம் வெளியானது. பிரஷர் மாத்திரைகள் சில விலங்குகளில் ஏஸ்-2-ஐக் கூட்டியதாகச் சோதனைகள் உண்டே, அப்படியானால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமி எளிதாக நுழையுமோ என்று அதில் ஓர் ஐயத்தை எழுப்பியிருந்தார்கள். ஐயம்தான், முடிவு அல்ல. இரண்டே நாளில், மார்ச் 13 அன்று, ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கத்தின் இரத்த அழுத்தக் குழு, ஆதாரம் போதாது, யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அறிக்கை விட்டது. அமெரிக்கச் சங்கங்களும் அவ்வாறே சொல்லின. ஐயம் வாட்ஸப்பில் ஏறி பிரேசர் டவுன் வரை வந்துவிட்டது, அறிக்கை வரவில்லை. பயத்துக்கு இருக்கும் கால் பதிலுக்கு இருப்பதில்லை. போதாக்குறைக்கு ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அந்த ஆண்டில் இருமினால் தெருவே திரும்பிப் பார்க்கும்!

சரி, மாத்திரைக்கும் ஏஸ்-2-க்கும் உறவு உண்டா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது? அத்தையின் நுரையீரலைக் கிள்ளிப் பார்க்க முடியுமா? இங்கேதான் குப்பி வருகிறது.

மனித நொதியை மனித உடம்பிலிருந்து எடுப்பது லேசான காரியமல்ல, நியாயமும் அல்ல. எனவே அதைச் செய்யும் மரபணுவை மட்டும் நகலெடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளரும் வேறு செல்களுக்குள் செலுத்தி, அவற்றைக் கொண்டே தயாரிக்கிறார்கள். சமையல் குறிப்பை எழுதி வேறு வீட்டு அடுப்பில் சமைக்கச் சொல்வது போல. நீரிழிவுக்காரர்கள் போடும் மனித இன்சுலின் இப்படித்தான் பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் தயாராகிறது. ஏஸ்-2 கொஞ்சம் பிகு பண்ணும். 805 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம், நடுவில் ஒரு துத்தநாக அணு, ஏழு இடங்களில் சர்க்கரைக் கிளைகள். அந்தச் சர்க்கரையை ஒட்டும் கைப்பக்குவம் சாதாரண பாக்டீரியாவுக்குக் கிடையாது. ஆகவே 1973-இல் ஹாலந்தின் லைடன் நகரில் உருவாக்கப்பட்டு இன்றுவரை உலகமெங்கும் வளர்ந்துகொண்டிருக்கும் 'ஹெச்.ஈ.கே. 293' என்ற மனிதச் சிறுநீரகச் செல் வகையைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

செல்லின் சவ்வில் ஊன்றி நிற்கும் அடிப்பகுதியை விட்டுவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் குறிப்பை மட்டும் கொடுத்தால், செல்கள் நொதியைச் செய்து தாங்கள் மிதக்கும் திரவத்திலேயே விட்டுவிடும். அந்தத் திரவத்தில் ஆயிரம் புரதங்கள் கலந்திருக்குமே, நம்முடையதை எப்படிப் பிரிப்பது? குறிப்பை எழுதும்போதே நொதியின் வாலில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறை வரிசையாகச் சேர்த்துவிடுவார்கள். ஹிஸ்டிடினுக்கு நிக்கல் உலோகத்தின் மேல் ஒட்டுதல். நிக்கல் ஏற்றிய பிசின் மணிகள் நிரம்பிய குழாயில் திரவத்தை ஊற்றினால் வால் உள்ளது ஒட்டிக்கொள்ளும், மற்றது ஓடிவிடும். பிறகு ஒட்டியதைக் கழற்றி எடுக்க வேண்டியதுதான். முதன்முதலில் இதைக் கேட்டபோது, கல்யாணக் கூட்டத்தில் தொலையாமலிருக்க நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே நிறச் சட்டை போட்டு அழைத்துப் போவோமே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எடுத்த நொதி உயிர்ப்போடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்டால் ஒளிரும்படி செய்த ஒரு சிறு துணுக்கை அதன் முன் போடுவார்கள். ஒளி ஏறும் வேகம்தான் கத்தரிக்கோலின் கூர்மைக்குக் கணக்கு. பிறகு உறைய வைத்து, டிரை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் அனுப்புவார்கள். ஒரு குப்பியில் இருப்பது பெரும்பாலும் 50 அல்லது 100 மைக்ரோகிராம், அதாவது மிஞ்சிப்போனால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. விலையைச் சொன்னால் நம் வீட்டுப் பெண்கள், "அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி கம்மல் வருமே" என்பார்கள். ஒரு தடவை நான் தருவித்த பெட்டி (ஏஸ்-2 அல்ல, வேறொரு நொதி) ஒரு சரக்குக் கிடங்கில் மூன்று நாள் தேங்கி, டிரை ஐஸ் எல்லாம் ஆவியாகிப் போய், வெறும் தண்ணீர்க் குப்பியாக வந்து சேர்ந்தது. அதற்காக எட்டு மாதம் காத்திருந்த ஆராய்ச்சி மாணவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்படிக் குப்பியில் பிடித்த ஏஸ்-2, அத்தையின் கேள்விக்குப் பாதிப் பதிலை இருபது ஆண்டுக்கு முன்பே சொல்லியிருந்தது. 2000-ஆம் ஆண்டில் இந்த நொதியை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அவற்றில் ஒன்றான இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு, வளர்ப்பு செல்களில் நொதியைத் தயாரித்து, அதன் மேல் கேப்டோப்ரிலைப் போட்டுப் பார்த்தது. ஏஸ்-2 அசையவில்லை. அண்ணன் வாயை அடைக்கும் மாத்திரை தம்பி வாயில் பொருந்தவில்லை. பின்னர் இதன் வடிவத்தைப் படம் பிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கிருமி பற்றும் இடம் நொதியின் மேல் விளிம்பு. வெட்டும் வாய் இருப்பதோ உள்ளே, ஆழத்தில். கதவின் கைப்பிடி வேறு, பூட்டுத் துவாரம் வேறு.

மீதிப் பாதிப் பதில், அதாவது மாத்திரையால் மனிதர்களுக்கு நோய் கடுமையாகுமா என்பதற்கு, மனிதர்களிடம்தான் சோதிக்க வேண்டும். பாம்பு தந்த அதே பிரேசில் நாட்டில் செய்தார்கள். கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த, ஏற்கெனவே இந்த வகை மாத்திரைகள் சாப்பிட்டுவந்த 659 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 30 நாள் மாத்திரையை நிறுத்தினார்கள், மறு பிரிவுக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தியதால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் இல்லை. 2020 செப்டம்பரில் முடிவைச் சொன்னார்கள், 2021 ஜனவரியில் அச்சில் வந்தது.

குப்பியின் வேலை அதோடு நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர் இரத்தத்தில் கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்க, முன்பெல்லாம் உயிருள்ள கிருமியையே வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்குப் பலத்த காப்புள்ள ஆய்வுக்கூடம், பல நாள் அவகாசம், உயிர்பயம். சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியின் வாங் லின்பா குழுவினர் 2020-இல் வேறு வழி செய்தார்கள். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஏஸ்-2-ஐப் பூசிவைத்தார்கள். கிருமியின் முள்ளில் ஏஸ்-2-ஐப் பற்றும் நுனி உண்டு. நிறம் தரும் ஒரு பொருளை அந்த நுனியோடு சேர்த்து, இரத்த நீரில் கலந்து, குழியில் ஊற்றினார்கள். எதிர்ப்பொருள் இல்லையென்றால் நுனி போய் ஏஸ்-2-இல் ஒட்டும், நிறம் நன்றாக ஏறும். எதிர்ப்பொருள் இருந்தால் வழியிலேயே மறித்துவிடும், நிறம் மங்கும். முழுக் கிருமி எங்குமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் விடை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்-இயற்பியல் பிரிவு என்று ஒன்று உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அதை நிறுவியவர் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டவர். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று 1963-இல் அவர் குழு போட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகில் எந்தப் புரதத்தின் படத்தையும் சரிபார்க்கிறார்கள். ஏஸ்-2-இன் படமும் அதற்கு விலக்கில்லை.

அதே பிரிவில் பேராசிரியர் ராகவன் வரதராஜன் குழுவினர், அங்கே பிறந்த மைன்வாக்ஸ் என்ற சிறு நிறுவனத்தோடு சேர்ந்து, 2020-இல் ஒரு தடுப்பூசிக்கான புரதத்தைச் செய்தார்கள். கிருமி முள்ளின் அந்த நுனிதான் அது. அவர்கள் குறி வைத்தது வெப்பத்தை. கோவிஷீல்டைப் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க வேண்டும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். இவர்கள் புரதத்தைக் காயவைத்துத் தூளாக்கிச் சூடேற்றினார்கள். சூடு பட்ட பின் அது கெட்டதா, வடிவம் குலையாமல் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது? ஏஸ்-2-ஐத்தான்! தங்கப் படலம் பூசிய ஒரு சில்லின் மேல் நடக்கும் சோதனை அது. ஒன்றில் மற்றொன்று வந்து ஒட்டினால், சில்லில் பட்டுத் திரும்பும் ஒளியில் நுட்பமான மாற்றம் தெரியும். சூடேற்றிய புரதமும் ஏஸ்-2-இல் போய் ஒட்டியது. 100 டிகிரியில் 90 நிமிடம், 37 டிகிரியில் ஒரு மாதம் தாங்குகிறது என்றார்கள். இட்லி வேகும் சூட்டை ஒன்றரை மணி நேரம் தாங்கிய புரதம்! இந்தப் புரதம் செலுத்திய எலிகளின் இரத்த நீரை ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வுக்கூடம் சோதித்து, டெல்டா உள்ளிட்ட உருமாறிய கிருமிகளையும் அது தடுக்கிறது என்று 2021 ஜூலையில் அறிவித்தது. பெங்களூர்ப் பிளேக்குக்கும் எலிதான் சம்பந்தம், இதற்கும் எலிதான் சம்பந்தம். இந்தத் தடவை எலி நம் கட்சி.

இதே நொதியை மருந்தாகவே கொடுத்தால் என்ன என்றும் ஒரு முயற்சி நடந்தது. இரத்தத்தில் போலிக் கதவுகளை மிதக்கவிட்டால் கிருமி அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏமாறும் என்பது யோசனை. வியன்னாவின் ஜோசப் பென்னிங்கர் இதில் முன்னின்றார். வளர்ப்பு செல்களில் நன்றாக வேலை செய்தது. நோயாளிகளிடம் செய்த சோதனையில், 2021-இல் வந்த முடிவு, உறுதியாகச் சொல்லும்படி பலன் காட்டவில்லை. ஆகவே குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்த அல்ல' என்று எழுதியிருப்பதற்கு நாம் மரியாதை கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு அத்தையிடம் இவ்வளவும் நான் சொல்லவில்லை. பாதிதான் எனக்கே அப்போது தெரியும். அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரைப் போனில் பிடித்து, அத்தையோடு பேச வைத்தேன். டாக்டர் இரண்டே நிமிடம் பேசினார். "அம்மா, கொரோனா வரலாம், வராமலும் போகலாம். உங்க பிரஷர் இப்பவே வந்து உட்கார்ந்திருக்கு" என்றாராம். அன்று இரவே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மூன்று வாரம் கழித்து 138/84.

2021 மார்ச்சில் அறுபதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியதும் நான்தான் அழைத்துப் போனேன். காத்திருந்த அரை மணியில் இந்தக் கதவு, கைப்பிடி, குப்பி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் குப்பியில இருக்கறது யாரோட உடம்புல இருந்து எடுத்தது?" என்றார். யாருடையதும் இல்லை, குறிப்பு மட்டும் மனிதருடையது என்றேன்.

"அப்ப எனக்குள்ளயும் அதேதான் இருக்கா?"

"அதேதான் அத்தை."

"நல்லா வேலை செய்யுதா?"

அதற்குத்தான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வாரம் ஒரு முறை கணக்கு எழுதி வைக்கிறார். பாய் வீட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். போன ஞாயிறு போயிருந்தபோது தாளை எடுத்துக் காட்டினார். 132/80. ஆறு படி ஏறிய எனக்குப் பார்த்தபோது 146/90 காட்டியது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா நீ?" என்று கேட்டார்.